ஐயாவின் கேப்புத் துப்பாக்கி: மறுபடி சுட வைக்க முடியுமா?

வளவுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூர்வீக வீடு கோட்டையூர்ப் பக்கம். பங்காளிகள் ஏழு புள்ளிக்கும் (ஏழு குடும்பத்துக்கும்) பொது என்பதால் முகப்பும் வளவும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும், அப்பத்தா மட்டும் ஒரு துணையோடு இரண்டாங்கட்டில் இருக்கிறார்கள். போன வாரம் முன்னோர் படைப்புக்காக மேல்மாடியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பர்மாவிலிருந்து வந்த தகரப் பெட்டிகளுக்குப் பின்னால், கிழிந்த ஜமுக்காளத்தில் சுருட்டி வைத்த ஒரு துப்பாக்கி அகப்பட்டது. தோட்டா போடுகிற ரகம் இல்லை. வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கம்பியால் கெட்டிக்கிற பழைய ரகம்.

நிற்க வைத்தால் என் நெஞ்சைத் தாண்டுகிறது. குழல் மட்டும் மூன்றே கால் அடி. குழலையும் கட்டையையும் சேர்த்து மூன்று இரும்புப் பட்டைகள். வலது பக்கத் தகட்டில் ஒரு கிரீடமும் அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தும், இந்தப் பக்கம் 'டவர்' என்ற வார்த்தையும் 1860 என்ற வருஷமும் வெட்டியிருக்கிறது. விசைக்காப்பும் கட்டையின் அடித்தகடும் பித்தளை. குழல் முழுக்கத் துரு. ஆயுத பூசைக்கு வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைத்த மூன்று இடத்திலும் காசு அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. குதிரையை (சுத்தியல் மாதிரி வந்து அடிக்கிற பாகத்தை) பின்னால் இழுத்தால் வருகிறது, ஆனால் பாதியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்குகிறது, அதனால் கட்டை விரலால் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டேன். குதிரை வந்து அடிக்கிற நிப்பிள் மேல் பச்சைக் களிம்பேறிய ஒரு செம்புத் தொப்பி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன், கும்மிருட்டு.

அப்பத்தா இதைக் கண்டதும் பித்தளையை எல்லாம் புளி போட்டு விளக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். இந்த ரைபிளைச் சுடுகிற நிலைக்குக் கொண்டுவர முடியுமா? வேட்டைக்கெல்லாம் இல்லை. அடுத்த வருஷம் ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, நூறாவது பிறந்த நாள் வருகிறது (ஐயா 2003-இல் தவறிவிட்டார்கள்). அன்றைக்கு வீட்டு முன்னால் ரவை இல்லாமல் வெறும் மருந்து மட்டும் போட்டு, வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி. எங்கே ஆரம்பிக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும், எந்த எண்ணெய், யாரிடம் கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாங்கட்டு:

தம்பி, முதலில் அதை வைத்த இடத்திலேயே விடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நிப்பிள் மேல் 'தொப்பி மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொப்பி மாதிரி இல்லை, தொப்பியேதான். கேப்பு. அதற்குள் இருக்கிற துளி மருந்து, அடி பட்டால் தீப்பொறி கக்கும். அந்தப் பொறி நிப்பிளின் ஓட்டை வழியாக உள்ளே போய்த்தான் குழலின் அடியில் இருக்கிற கருமருந்து பற்றும். யாரும் வெறும் துப்பாக்கிக்குக் கேப்புப் போட்டுப் பரணில் வைக்க மாட்டார்கள். கேப்பு இருக்கிறது என்றால் உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்தே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அந்தக் குதிரையை இழுத்து, விரலால் இறக்கி, அதற்கப்புறம் வாயில் டார்ச் அடித்துக் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். படிக்கும்போதே எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஐயா மேலிருந்து காப்பாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மருந்து நமுத்துப் போயிருக்கும் என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் ஆனாலும் உயிரோடு இருக்கும்.

வழக்கமாக உள்ளே கெட்டித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மரக்குச்சி போதும். குச்சியைக் குழலின் வெளியே வைத்து வாயிலிருந்து நிப்பிள் வரை ஒரு குறி, அப்புறம் உள்ளே விட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று இன்னொரு குறி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் இதை நீங்கள் செய்யக் கூடாது. கேப்போடு இருக்கிற துப்பாக்கியின் வாய்க்கு நேரே கை போகவே கூடாது, அதுவும் பாதியில் நிற்காத குதிரையோடு. வாயைக் கனமான சுவர்ப் பக்கம் பார்க்க விட்டுவிட்டு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். படைப்புக்கு வந்த பிள்ளைகள் யாராவது இன்னும் வீட்டில் இருக்கிறார்களா?

புதுவயல் மணி:

இதுக்குப் போய் ஏன் பயமுறுத்துறீங்க. எங்க ஊர் லேத்துப் பட்டறையில குடுத்தா குதிரையப் பிடிக்கிற கொக்கி, ஸ்பிரிங்கு, நிப்பிளு எல்லாம் புதுசாக் கடைஞ்சு ரெண்டு நாள்ல ரெடி பண்ணிடுவாங்க. மருந்துக்குத் திருவிழா வெடி போடறவங்ககிட்ட ஒரு பிடி வாங்கிட்டாப் போச்சு.

மூன்றாங்கட்டு:

மணி, அன்போடு சொல்கிறேன், இப்படி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். பட்டாசுக் கலவை வேறு, துப்பாக்கிக் கருமருந்து வேறு. வெடிக்கலவை சட்டென்று மொத்தமாகப் பற்றுகிற சாதி, குழல் பிளந்தால் முதலில் போவது குழலைத் தாங்கிய இடது கை. இன்றைய தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்தும் அப்படித்தான். கருமருந்துக்கென்று செய்த குழலில் அதை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. லேத்துப் பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம், ஆனால் அவரை ஜெயிலுக்கு அனுப்புகிற வேலை இது. கச்சேரி மேசை அண்ணன் வந்தால் விளக்கமாகச் சொல்வார்.

கச்சேரி மேசை:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். முப்பது வருஷம் கலெக்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன், அதிலே கொஞ்ச காலம் ஆயுத உரிமப் பிரிவு.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பழசு, வாய்வழி கெட்டிப்பது, தாத்தா சொத்து, இதெல்லாம் தானாக விலக்குத் தராது. விலக்கு 45-ஆம் பிரிவில் இருக்கிறது, அதைத்தான் ஜனங்கள் பாதி படித்துவிட்டுப் பேசுகிறார்கள். வழக்கொழிந்த மாதிரியோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் 'பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது' என்கிற நிலையில் இருந்தால்தான் விலக்கு. நீங்கள் கேட்பதே இதைச் சுட வைக்க முடியுமா என்றுதான். முடியும் என்று யாராவது பதில் சொன்ன அந்த நிமிஷமே அது உரிமம் தேவைப்படுகிற துப்பாக்கி ஆகிவிடுகிறது. இதில் கேப்பு வேறு மாட்டியிருக்கிறது, கேட்கவே வேண்டாம்.

பழுது பார்ப்பதும் அப்படியே. 5-ஆம் பிரிவில் செய்வது, விற்பது மட்டுமில்லை, பழுது பார்ப்பது, மாற்றியமைப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் உரிமம் பெற்றவர் வேலை. வெளிப்புறத்தைத் துடைத்து எண்ணெய் போடுவது வேறு, கொக்கி கடைவது வேறு.

பிறந்த நாள் வெடியை மறந்துவிடுங்கள். 2019 திருத்தத்தில் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கென்றே தனியாக எழுதிவிட்டார்கள். மற்றவர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வருகிற மாதிரி சுட்டால் 2 வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், சில சமயம் இரண்டும். ரவை போடவில்லையே என்பது வாதம்தான், அந்த வாதத்தை நீதிமன்றத்தில் போய்ப் பண்ண வேண்டியிருக்கும். பத்து ரூபாய்க்கு ஓலைவெடி வாங்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஐயா காலத்தில் உரிமம் இருந்திருக்கும், அந்தப் புத்தகத்தைத் தேடுங்கள். பெட்டகத்தில் பத்திரங்களோடு இருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள், அந்த ரசீது கிடைத்தாலும் நல்லது. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசு பேருக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது, ஆனால் அதுவரை துப்பாக்கி வீட்டில் இருக்க முடியாது. 21-ஆம் பிரிவுப்படி ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று பயந்துகொண்டு இன்னும் இருபது வருஷம் பரணிலேயே வைத்துவிடாதீர்கள். ஒரு வக்கீலை வைத்து, இன்ன தேதியில் இப்படிக் கண்டெடுத்தோம் என்று மனு எழுதி, நீங்களாகவே போங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், தகவலோடு போங்கள்.

இன்னொன்று, வீடு சிவகங்கை மாவட்டமா புதுக்கோட்டை மாவட்டமா என்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரு ஊர் இங்கே, அடுத்த ஊர் அங்கே. கோட்டையூர் என்றால் சிவகங்கைதான், 'பக்கம்' என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, உங்கள் அப்பத்தாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா? அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, முகப்பில் காவலுக்கு இருந்தவர் கையில். ஆண்கள் பாதிப் பேர் ரங்கூன், மௌல்மீன், பினாங்கு என்று போய்விட்ட காலத்தில், அவ்வளவு பெரிய வீட்டில் பெண்களும் வயசானவர்களும்தான் இருப்பார்கள், திருட்டுப் பயம் அதிகம். ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்தது. எங்கள் வீட்டுக் காவல்காரர் மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒரு நாள் கண்மாய்க்கரையில் பழைய மருந்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புது மருந்து கெட்டிப்பார், அது எங்களுக்கெல்லாம் வேடிக்கை. அப்புறம் வெந்நீரை அண்டாவில் கொண்டு வரச் சொல்லிக் குழலுக்குள் ஊற்றி ஊற்றிக் கழுவுவார், கறுப்பாகச் சாக்கடை மாதிரி வரும், முட்டை அழுகின நாற்றம். எண்ணெய் போடாமல் எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை.

புளி மட்டும் போட விடாதீர்கள். அப்பத்தா கையை யாரும் பிடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

வளவுக்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பெரிய நன்றி, முக்கியமாக மூன்றாங்கட்டு அண்ணனுக்கு. அன்றைக்கே அறையைப் பூட்டினேன்.

அப்பத்தாவிடம் கேட்டேன். 'ஆமா, கெட்டிச்சுத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுல பெட்டகத்தை உடைச்ச வருஷம் உங்க ஐயா கெட்டிச்சாங்க, நான் பாத்தேனே' என்று காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்றால், 'நீ கேக்கலையே'.

உரிமப் புத்தகம் கிடைத்துவிட்டது, கடைசியாக 2002-இல் புதுப்பித்தது. அதோடு 2001 சட்டமன்றத் தேர்தலுக்கு ஒப்படைத்த ரசீதும் நூலில் கட்டி இருந்தது. பெரியப்பாவும் நானும் வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதி வாங்கினார்கள், நிறையக் கேட்டார்கள், ஆனால் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மதுரையிலிருந்து உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்து, போலீஸ் முன்னிலையில் அவர்தான் மேலே ஏறினார். எங்களை எல்லாம் கீழே பட்டாலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலில் அந்தக் கேப்பை எடுத்தார். எடுத்ததும் நிப்பிள் வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் விட்டு அப்படியே ஊற வைத்தார். மறுநாள் ஒரு நீளக் கம்பியின் முனையில் பன்றிவால் மாதிரி சுருள் திருகு மாட்டி, ஒரு பக்கமாக நின்றுகொண்டு, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் திருகி வெளியே இழுத்தார். முதலில் தேங்காய் நார் அடைப்பு, அப்புறம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈய ரவை ஒரு கை நிறைய, அதற்குக் கீழே இன்னொரு அடைப்பு தாளில், கடைசியில் களி மாதிரி மருந்து. தாளைப் பிரித்தால் பர்மா காலத்துப் பேரேட்டுத் தாள். தமிழ் எண்ணில் வட்டிக் கணக்கு, பாதி வரி கிழிந்துபோயிருக்கிறது. 2001-இல் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பிறகு கெட்டித்ததற்குப் பழைய பேரேட்டைக் கிழித்திருக்கிறார்கள் ஐயா. வராத கடன் பக்கமாக இருக்கும் என்று பெரியப்பா சொன்னார்.

துப்பாக்கி இப்போது அந்தக் கடையில் ஒப்படைப்பில் இருக்கிறது, ரசீது எங்களிடம். அப்பச்சி (அப்பா) பேருக்கு வாரிசு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கடைக்காரர் விளக்குப் போட்டு உள்ளே பார்த்துச் சொன்ன விவரம்: உள்ளே குண்டைச் சுழற்றுகிற வரிப்பள்ளம் எதுவும் இல்லை, வழவழப்பு, அடிப்பக்கம் மட்டும் பொரிந்திருக்கிறது. வாயின் உள்விட்டம் 16.7 மில்லிமீட்டர். பின் குறிகாட்டி ஏறி இறங்குகிற ரகம் இல்லை, ஒரே நிலையான கட்டை. அப்போ இது ரைபிளே இல்லையா? துருவை என்ன செய்யலாம் என்று அவரிடம் சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும், அதற்கும் யோசனை தேவை.

சிக்ரி ஓய்வு:

காரைக்குடியில் இருந்துகொண்டு துருவைப் பற்றிக் கேட்டால், இங்கே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நாங்கள் சும்மா இருப்போமா. வாழ்நாள் முழுக்க அதைத்தானே பார்த்தோம்.

ஆச்சி கேட்ட வெந்நீர்ச் சங்கதியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதிலேதான் எல்லாம் இருக்கிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் மிஞ்சும். அந்தக் கசடில் பொட்டாசியம் உப்புகள், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சாதி. முட்டை நாற்றம் அதிலே இருக்கிற கந்தகத்தால். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் எண்ணெய் மட்டும் தடவினால் உப்பை இரும்போடு சேர்த்து மூடி வைத்த மாதிரி. அந்தக் காலத்துக் கேப்பில் குளோரேட்டும் உண்டு, அது எரிந்து விடுகிற குளோரைடு உப்பு இன்னும் மோசம். நிப்பிளைச் சுற்றியும் குழலின் அடியிலும் பொரிவது அதனால்தான். காவல்காரர் பள்ளிக்கூடம் போகாமலே சரியாகச் செய்திருக்கிறார். வெந்நீர் இன்னொரு வேலையும் செய்யும், குழல் சூடேறித் தானாகவே உலர்ந்துவிடும், அப்புறம்தான் எண்ணெய்.

உங்கள் சந்தனக் குழியும் இதே கதை. ஈரச் சந்தனம் உலரும்வரை இரும்பின் மேல் ஒரு துளி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். துளியின் நடுவில் பிராணவாயு குறைவு, ஓரத்தில் அதிகம், நடுவில் அரித்துக் குழி விழும். அடுத்த ஆயுத பூசைக்குக் கட்டைக்கு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

துருவில் இரண்டு வகை. தொட்டால் விரலில் செம்பொடியாக ஒட்டுவது உயிருள்ள துரு, அதை எடுத்தாக வேண்டும். அடர்ந்த பழுப்பாகக் கெட்டியாகப் படிந்திருப்பது அடங்கிய துரு. அதுதான் நூற்றைம்பது வருஷத்து வயசைக் காட்டுகிற தோல், சொல்லப்போனால் ஒரு பாதுகாப்பும்கூட. உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர், கழிவறை ஆசிட், இதெல்லாம் கிட்டவே வரக் கூடாது. ஆசிட் போட்டால் துருவோடு கிரீடமும் 1860-உம் சேர்ந்து போகும், ஆசிட் இரும்புக்குள் மிச்சம் தங்கி மறுபடியும் அரிக்கும். தையல் மெஷின் எண்ணெய் தாராளமாகப் போட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய காலணாச் செம்புக் காசின் விளிம்பால் சுரண்டச் சொல்லுங்கள். செம்பு இரும்பைவிட மெது, துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. பொறுமை வேண்டும், ஒரு விரற்கடைக்கு அரை மணி நேரம் ஆகும்.

வாஷிங் சோடாத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத் துருவை எடுக்கிற முறை இருக்கிறது, இணையத்தில் ஆளாளுக்குக் காட்டுகிறார்கள். தனியாகக் கழற்றிய சாதா இரும்புக்கு நல்லது. ஆனால் பழைய குழலில் அந்தப் பழுப்புத் தோலையும் சேர்த்து எடுத்துவிடும், நிறம் சாம்பலாகிவிடும், உள்ளே இருக்கிற வில்லுக்கு (ஸ்பிரிங்குக்கு) அது ஆகவே ஆகாது. ஹைட்ரஜன் வாயு ஏறி எஃகு நொறுங்கும். எனவே இங்கே வேண்டாம்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி உறையும், அமிலமும் ஏறும். கட்டை வால்நட் மரமாக இருக்கும். வார்னிஷ் அடிக்காமல், ஈரத் துணியால் துடைத்து உலர்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுச் சூடு பறக்கத் தேய்த்தால் போதும். மறுபடி அந்த ஜமுக்காளத்தில் மட்டும் சுற்றாதீர்கள். துணி ஈரத்தைப் பிடிக்கும். வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால் மிஞ்சிய எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.

இண்டியானா சுப்பு:

பிறந்தது பள்ளத்தூர், இருப்பது அமெரிக்காவில் இண்டியானா. இங்கே ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு துக்கடா ஊர், வாய்வழித் துப்பாக்கிக்காரர்களின் தேசிய சங்கம் 1933-இல் ஆரம்பித்தது, அவர்களுக்கு அங்கேதான் மைதானம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க் கரி பூசிக்கொண்டு வருவேன். உங்கள் அளவுகளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

மூன்றே கால் அடிக் குழல், மூன்று பட்டை, டவர் முத்திரை எல்லாம் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் அடையாளம். அந்த ரைபிள் 0.577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டர், உள்ளே மூன்று வரிப்பள்ளம், பின் குறிகாட்டி ஏணி மாதிரி நிமிரும். இதற்கு வந்த தோட்டாவின் கொழுப்புதான் 1857 சிப்பாய்களிடையே பற்றிக்கொண்டது, அது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உண்டு. புத்தகத்தில் இல்லாதது அதற்கு அப்புறம் நடந்தது. இந்தியச் சிப்பாய் கையில் இனிமேல் தூரத்துக்குக் குறி தப்பாத ரைபிள் கொடுக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் முடிவு பண்ணி, அதே என்ஃபீல்டு உருவத்தில் வரிப்பள்ளம் இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கி செய்து கொடுத்தான். அதன் உள்விட்டம் 0.656 அங்குலம், 16.7 மில்லிமீட்டர். ஏணிக் குறிகாட்டிக்குப் பதில் நிலையான கட்டை. 1860. எல்லாம் பொருந்துகிறது, இல்லையா? வெளியே பார்த்தால் ரைபிள், உள்ளே ஐம்பது அறுபது கஜத்துக்கு மேல் நம்ப முடியாத மஸ்கட். நம் ஆளுக்கென்றே செய்த அவநம்பிக்கை அது. ரவை கெட்டிக்க அது வசதியாகப் போனதால்தான் காவலுக்கு வைத்திருந்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்றினால் உள்பக்கமும் குழலின் அடியிலும் முத்திரைகள் இருக்கும், படம் எடுக்கச் சொல்லுங்கள்.

சுடுகிற விஷயம். இங்கே 1899-க்கு முன்னால் செய்தது என்றால் மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிக் கணக்கிலேயே வராது, கடையில் நாற்காலி வாங்குகிற மாதிரி வாங்கலாம். சட்டம் இவ்வளவு தளர்வாக இருந்தும் பழசைச் சுடுகிறவன் எவ்வளவு யோசிக்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன். குழலை விரலால் தடவி எங்கேயாவது வளையம் மாதிரி வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளே காமிரா விட்டுப் பொரிவு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பான், அடிப்பக்கப் பொரிவுதான் மோசம், அழுத்தம் முழுக்க அங்கேதான். அடி மூடித் திருகின் மரையும் நிப்பிள் மரையும் அரித்திருக்கிறதா என்று பார்ப்பான். பழைய நிப்பிளை எப்போதும் மாற்றுவான், ஓட்டை பெரிதாகியிருந்தால் வாயு பின்னால் அடித்துக் குதிரையைத் தூக்கிவிடும். பக்கத்து வரிசையில் ஒருத்தரின் பழைய நிப்பிள் மரையோடு பிய்த்துக்கொண்டு போய்க் கூரைத் தகட்டில் ஓட்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன், அவர் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. உங்கள் குதிரை பாதியில் வழுக்குகிறது என்றால் உள்ளே குதிரையோடு சேர்ந்து சுழல்கிற உருளையின் வெட்டோ அதைப் பிடிக்கிற கொக்கியின் மூக்கோ தேய்ந்திருக்கிறது. அது அரத்தால் ராவிச் சரி செய்கிற விஷயம் இல்லை, உலோகம் ஏற்றி, வெட்டி, மறுபடி பதம் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, சிலர் பொரிந்த குழலுக்குள் புதுக் குழல் செருகிக்கூடச் சுடுகிறார்கள். நான் செய்வது என்ன தெரியுமா? இத்தாலியில் செய்த புது என்ஃபீல்டு நகல் ஒன்றைச் சுடுகிறேன், 1860-களின் அசல் ஒன்று சுவரில் தொங்குகிறது. நகல் வெடித்தால் காசு போகும். உங்களுடையதைப் போல அசலான வழவழப்பு என்ஃபீல்டை நான் கையில் எடுத்ததே இல்லை, அதன் அடியில் பொரிவு வேறு. நானாக இருந்தால் கொக்கியைக்கூடத் தொட மாட்டேன்.

கச்சேரி மேசை:

சுப்பு சொன்ன முத்திரைப் படங்களை விண்ணப்பத்தோடு இணையுங்கள், அடையாளத்துக்கு உதவும். வீட்டில் வேறு உரிமத் துப்பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019-க்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டுதான், முன்பு மூன்று. சுப்புவைப் போல யாராவது நல்ல விலைக்குக் கேட்டாலும் நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் விடாது, அதையும் பங்காளிகள் காதில் போட்டு வையுங்கள்.

வளவுக்காரன்:

சுப்பு அண்ணன் எழுதியதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'நம்மளுக்குன்னு செஞ்ச அவநம்பிக்கை' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

சுடுகிற பேச்சை விட்டாகிவிட்டது. கொக்கி அப்படியே இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், செம்புக் காசு வேலைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார், நாலு காலணாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரிமம் வந்தால் வீட்டுக்கு, வராவிட்டால் அரசு அருங்காட்சியகத்துக்கு என்று ஆறு புள்ளி சம்மதம். ஏழாவது புள்ளி பெங்களூரில், போனை எடுக்கவில்லை. பேரேட்டுத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறோம், ஐயாவின் நூறாவது பிறந்த நாளுக்கு அதுதான்.

கடைசியாக ஒரு விஷயம். அதே தகரப் பெட்டிகளில் ஒன்றை நேற்றுத் திறந்தோம். அடியில் வட்டமாக ஒரு சின்ன டப்பா, மேலே ஆங்கில எழுத்து, உள்ளே கேப்பு மாதிரி நிறைய இருக்கிறது.

மூன்றாங்கட்டு:

மாதிரி இல்லை தம்பி, கேப்பேதான். குலுக்கிப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வளவுக்காரன்:

நான் குலுக்கவில்லை அண்ணே. அப்பத்தா குலுக்கினார்கள். இப்போது டப்பா கிணற்றடி மேடையில் தனியாக இருக்கிறது, எல்லோரும் முகப்புக்கு வந்துவிட்டோம், கடைக்காரருக்கும் ஸ்டேஷனுக்கும் போன் போட்டாகிவிட்டது.